பெட்ரோல் போட்டுக்குக் கல்லு போட்ட கதை

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்ன வேலைங்க. ஏரிக்கு இந்தக் கரையில ஒருத்தரை ஏத்தணும், அந்தக் கரையில இறக்கணும். அவ்வளவுதான்.

ஏத்திட்டேன்.

இறக்கறதுலதான் கொஞ்சம் சிக்கலாயிடுச்சு.

ஏரின்னதும் ஊட்டி ஏரியை நினைச்சுக்காதீங்க. எங்க எஸ்டேட்டு குன்னூர்ல இருந்து ரொம்ப உள்ள தள்ளி. அந்தக் காலத்துல பேக்டரிக்குத் தண்ணி வேணும்னு ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு அணை கட்டி வெச்சாங்க. அதுல தேங்கற தண்ணியைத்தான் நாங்க ஏரின்னு பெருமையாச் சொல்லிக்குவோம். இந்தக் கரையில பேக்டரி, அந்தக் கரையில பங்களா.

நான் போட் ஓட்டறவனும் இல்லைங்க. கொழுந்து லாரி டிரைவர். தோட்டத்துல பறிச்ச தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையா ஏத்திட்டு வந்து பேக்டரியில கொட்டறது என் வேலை. என் சம்சாரம் ஸ்டெல்லாவுக்கு அதே பேக்டரியில தூள் சலிக்கற வேலை. நான் கொண்டாந்து கொட்டினதை அவ சலிப்பா. ஊட்டுக்கு வந்தா என்னையும் சலிப்பா.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்பத்தான் டீ விலை விழுந்துச்சு.

விழுந்துச்சுன்னா, அதல பாதாளத்துல விழுந்துச்சு! பறிச்சா நட்டம், பறிக்கலைன்னா செடி மரமாயிடும். "மரமே ஆகட்டும் போ"ன்னு பாதித் தோட்டத்தை விட்டுட்டாங்க. ஆறு நாள் ஓடின பேக்டரி ரெண்டு நாள் ஓடுச்சு. கோடவுன்ல டஸ்ட் டீ மூட்டை கூரை வரைக்கும் நின்னுச்சு, வாங்க ஒரு நாதி இல்லை. என் லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடி ஓரங்கட்டிட்டாங்க. போறப்ப வர்றப்ப அதைத் தடவிக் குடுத்துட்டுப் போவேன்.

எஸ்டேட் மேனேஜரை நாங்க இன்னமும் தொரைன்னுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரன் போயி எத்தனையோ காலம் ஆச்சு. எங்க தொரை திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, கலரும் நம்ம கலருதான். ஆனாலும் தொரை தொரைதான்.

அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. "டீ விக்கலைன்னா என்னப்பா, டூரிஸ்ட்டைக் கொண்டாருவோம்!"

பங்களாவுக்கு வெள்ளையடிச்சாங்க. ஆலப்புழையில இருந்து ஒரு பழைய டீசல் போட்டை லாரியில ஏத்திக் கொண்டாந்து ஏரியில இறக்கினாங்க. அதோட கூடவே தாசேட்டன்னு ஒரு மலையாளத்துக்காரரும் வந்தாரு, போட்டை ஓட்டறதுக்கு. அவருக்கு உதவியா என்னைப் போட்டாங்க. "நீ சும்மாத்தான இருக்கே"ன்னு தொரை சொன்னாரு. சும்மா இருக்கறவனுக்கு எங்க எஸ்டேட்டுல அதுதான் பெரிய தண்டனை.

இப்ப ஒரு விசயம் சொல்லிடறேன். இது தெரிஞ்சாத்தான் நான் பண்ணின கூத்து உங்களுக்குப் புரியும்.

ரொம்ப வருசமாவே எங்க மலையில எந்த டிரைவரும் இறக்கத்துல கியர்ல வரமாட்டான். நியூட்ரல்ல போட்டு உருட்டித்தான் வருவான். தப்புதான், ஆபத்துதான், ஸ்டெல்லா திட்டாத நாளில்லை. ஆனா தொரை டீசலை மருந்து மாதிரி ஊத்திக் குடுத்தா நாங்க வேற என்னத்தைப் பண்றது?

ஹேண்ட் பிரேக் ரிப்பேருக்கும் வழியில்லை. அதனால எல்லா வண்டியிலயும் ஒரு பெரிய கல்லு கிடக்கும். சரிவுல நிறுத்தினதும் டிரைவர் "கல்லு போடு!"ன்னு கத்துவான். பக்கத்துல யாரு இருந்தாலும் சரி, குதிச்சு சக்கரத்துக்கு அண்டை குடுத்துடணும். தொரையோட ஜீப்பும் அதே கேசுதான். எத்தனையோ வாட்டி தொரையே குதிச்சுக் கல்லு போட்டிருக்காரு. "கல்லு போடு"ன்னு காதுல விழுந்தாப் போதும், எங்க ஊர்க்காரன் கை தானாக் கல்லைத் தேடும்.

இந்த ரெண்டு பழக்கத்தோடதான் நான் போட்டுல ஏறினேன்.

டீசல் போட்டு எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. நல்ல எருமை மாதிரி. இஞ்சின் வயித்துக்குள்ள இருக்கும். தண்ணிக்கு அடியில பெரிய விசிறி சுத்தும், அதுக்குப் பின்னாடி சுக்கான்னு தனியா ஒரு பலகை. கியரைப் போட்டாப் போதும், முறுக்கவே வேண்டாம். 'டுக்கு டுக்கு'ன்னு மெதுவா ஓடறப்பவே போட்டு தானா நகரும்.

கரைக்கு வர்றப்பதான் அதோட அருமை தெரியும். தூரத்துலயே நியூட்ரல் போட்டுடுவேன். அந்த கனத்துக்கு அது பாட்டுக்கு உருண்டு வரும். வர்ற வேகத்துல தண்ணி சுக்கான்ல மோதுமில்ல, அதனால ஸ்டீரிங் திருப்பினா திரும்பும். துறைக்குப் பக்கத்துல வந்ததும் ரிவர்ஸ்ல ஒரே ஒரு தட்டு. போட்டு அப்படியே நிக்கும். நிக்கறது மட்டுமில்லை, பின்பக்கம் தானா ஒதுங்கித் துறையோட ஒட்டிக்கும். விசிறி சுத்தற சுத்துல வர்ற குணம் அதுன்னு தாசேட்டன் சொன்னாரு.

நியூட்ரல்ல உருட்டறதுல எனக்கு இருந்த அனுபவத்துக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? சீக்கிரமே தாசேட்டனே "எடா ஆண்டனி, நீ பயங்கர ஆளாணு கேட்டோ"ன்னு சொல்லிட்டாரு.

எனக்குத் தலை கனத்துப் போச்சு. கல்யாண வீட்டுல எல்லாம் போட் கதையே பேச ஆரம்பிச்சுட்டேன். ஸ்டெல்லா ஒருநாள் சொன்னா, "லாரி டிரைவரா இருந்தப்ப ஊட்டுல மனுசனாத்தான் இருந்தீங்க. இப்பக் கப்பல் கேப்டன் ஆயிட்டீங்க."

இதுக்கு நடுவுல வந்த டூரிஸ்ட்டுங்க டீசல் புகை நாறுது, சத்தம் காதைப் பொளக்குதுன்னு புகார் சொல்ல, தொரை ஒரு சின்ன பெட்ரோல் போட்டும் வாங்கிப் போட்டாரு. ஃபைபர் உடம்பு, பின்னாடி தொங்கற இஞ்சின். பார்க்க அழகா, வெள்ளை வெளேர்னு இருக்கும். அதைத் தாசேட்டன் மட்டும்தான் ஓட்டுவாரு.

அவரு தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுக் கெளம்பறப்ப, பஸ் படியில நின்னுட்டு என்கிட்ட ஏதோ சொன்னாரு. "பெட்ரோலும் டீசலும் ஒண்ணல்லடா! அதுக்குச் சுக்கான் இல்லை! கியரை விட்டா..."

பஸ் போயிடுச்சு.

"சரி சேட்டா!"ன்னு கையாட்டினேன். அதான் போட் ஓட்டத் தெரியுமே, இன்னும் என்ன?

அடுத்த நாளே தொரை கூப்பிட்டு அனுப்பினாரு.

"ஆண்டனி, ஈரோட்டுல இருந்து ஒரு பெரிய டீ வியாபாரி வர்றாரு. அவரு மட்டும் நம்ம சரக்கை எடுத்துக்கிட்டாருன்னு வை, கோடவுன் காலி. பேக்டரி ஆறு நாளும் ஓடும். உன் லாரிச் சாவி உன் கைக்கு வந்துடும்."

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க. "நான் என்ன செய்யணும் தொரை?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அவரைப் போட்டுல ஏத்திப் பங்களாவுக்குக் கொண்டாந்து விட்டாப் போதும். டீ டேஸ்டிங் அங்கதான்."

"ஜீப்லயே போயிடலாமே தொரை, ரோடு இருக்குதே?"

தொரை குரலை இறக்கினாரு. "ரோட்டோரத்துல நம்ம செடியெல்லாம் மரமா நிக்குதேப்பா! அதைப் பார்த்தா அந்த மனுசன் அப்படியே திரும்பிப் போயிடுவாரு. ஏரியில இருந்து பார்த்தா முன்சரிவு மட்டும்தான் தெரியும். அதை மட்டும் வெட்டி விட்டிருக்கேன்."

சரிதான்னு தலையாட்டினேன். "டீசல் போட்டைத் துடைச்சு வைக்கறேன் தொரை."

"ஐயய்யோ! டீசலா? அவரு டீயை மோந்து பார்த்தே தரம் சொல்றவருய்யா! அந்தப் புகை மூக்குல ஏறிடுச்சுன்னா டீ வாசனை எப்படித் தெரியும்? பெட்ரோல் போட்டுதான். ஓட்டுவே இல்ல?"

லாரிச் சாவி கண்ணு முன்னாடி ஆடிட்டு இருக்கு. "தெரியாது"ன்னு சொல்ற வாயா இது?

"அதென்ன தொரை, எருமை ஓட்டறவனுக்கு ஆட்டுக்குட்டி ஒரு விசயமா!"

அதுக்கப்புறம் தொரை போட்ட கட்டளைங்க இருக்கே! தலைக்கு எண்ணெய் வைக்காதே. பவுடர் போடாதே. பீடி கிட்டவே போகாதே. காலையில வெங்காயம் திங்காதே. எல்லாம் அந்த மூக்குக்காக. ஸ்டெல்லா என்னைப் பார்த்துட்டுச் சொன்னா, "எனக்காக ஒருநாளாவது இப்படிக் குளிச்சிருக்கீங்களா?"

அவளுக்கும் அன்னைக்கு ஒரு வேலை இருந்துச்சு. பங்களாத் துறைக்குப் பக்கத்துல டூரிஸ்ட்டுக்கு டீ போட்டுக் குடுக்கற ஒரு சின்னத் தகரக் கொட்டாய் இருக்கு. அடுப்பைப் பத்தவெச்சுக் கெட்டிலோட அவ அங்க நின்னா. "நீ டீ கீ எதுவும் அவருக்குக் குடுத்துடாதே. அவருக்கு மேல ஸ்பெஷலா வெச்சிருக்கேன்"ன்னு தொரை அவகிட்டயும் கண்டிசனாச் சொல்லிட்டாரு. பங்களா வராந்தாவுல வெள்ளைத் துணி விரிச்சு, வரிசையா கப்பு அடுக்கி, பக்கத்துல துப்பறதுக்கு ஒரு பித்தளைப் பாத்திரமும் வெச்சாச்சு. டீ டேஸ்ட் பண்றவங்க உறிஞ்சி, வாய்க்குள்ள சுழட்டி, துப்பிடுவாங்க. முழுங்க மாட்டாங்க.

ஈரோட்டுக்காரர் வந்தாரு. பேரு பழனியப்பன். நல்ல தாட்டியான உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல ஒரு ஸ்வெட்டர். போட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாரு.

"ஏனுங்க, இது என்னைத் தாங்குமுங்களா?"

"என்னை நம்பி ஏறுங்க சார்."

பாவம், நம்பிட்டாரு. போட்டு ஒரு பக்கமாச் சாஞ்சுது. பின்சீட்டுல உட்கார வெச்சேன். டீசல் போட்டுல பத்துப் பேரு ஏறினாக்கூட அதுக்கு உறைக்காது. இது ஒரே ஆளுக்கே இப்படிச் சாயுதேன்னு அப்பவே எனக்கு லேசா ஒரு இது.

கியரைப் போட்டேன். பழக்கம் மாதிரியே சும்மா விட்டுட்டுக் காத்திருந்தேன். போட்டு நகரவே இல்லை. என்னவோ முனகிட்டு நின்னுச்சு.

"என்னங்க, ஸ்டார்ட் ஆவுலீங்களா?"

"ஆயிடுச்சு சார், இதோ."

லிவரை ஒரு தள்ளுத் தள்ளினேன்.

அம்மாடியோவ்! மூக்கைத் தூக்கிட்டு ஒரே பாய்ச்சல்! பழனியப்பன் சார் சீட்டோட சாஞ்சு வானத்தைப் பார்த்துட்டாரு. டீசல் இஞ்சினுக்கு மெதுவா ஓடறப்பவே இழுவை இருக்கும். பெட்ரோலுக்கு முறுக்கினாத்தான் வேகமே வரும், வந்தா மொத்தமா வரும். இதெல்லாம் பின்னாடி தாசேட்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடு ஏரியில எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வெயில், தண்ணி, வெட்டி விட்ட முன்சரிவு பச்சைப் பசேல்னு தெரிஞ்சுது. சாருக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

"தோட்டத்தை என்னமா வெச்சிருக்கறாங்க! பின்னாடியும் இதே மாதிரிதானுங்களா?"

"பின்னாடி இன்னும் உயரமா இருக்குங்க சார்"ன்னேன். பொய் சொல்லக் கூடாது பாருங்க.

பங்களாத் துறை கண்ணுக்குத் தெரிஞ்சுது. தொரை கையில ஒரு ரோஜா மாலையோட நின்னாரு. ஸ்டெல்லா கொட்டாய் வாசல்ல நின்னா. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. சரி, ஆண்டனி யாருன்னு காட்டிடுவோம்னு, தூரத்துலயே ஸ்டைலா நியூட்ரல் போட்டேன்.

போட்டு உருளவே இல்லைங்க. இருந்த வேகமெல்லாம் 'புஸ்'ஸுன்னு அடங்கிப் போச்சு. கனமிருந்தாத்தான உருளும்? சரியா அந்த நேரம் பார்த்து மலை இடுக்குல இருந்து காத்து வேற கெளம்புச்சு. முன்பக்கம் மெதுவாத் திரும்ப ஆரம்பிச்சுது. நான் ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் ஒடிச்சேன். ஒண்ணும் நடக்கலை. அந்தப் பக்கம் ஒடிச்சேன். அப்பவும் ஒண்ணும் நடக்கலை. திருவிழாக் கடையில வாங்கின பொம்மைக் காரு ஸ்டீரிங் மாதிரி சும்மா சுத்துது!

விசயம் என்னன்னா, இதுக்குச் சுக்கானே கிடையாது. பின்னாடி தொங்கற இஞ்சின்தான் திரும்பும். விசிறி தண்ணியைத் தள்ளற பக்கத்தை வெச்சுத்தான் போட்டு திரும்பும். நியூட்ரல் போட்டா விசிறி நின்னுடும், அதோட ஸ்டீரிங்கும் செத்துடும். பஸ் படியில நின்னு தாசேட்டன் சொல்ல வந்தது இதைத்தான்.

காத்து தள்ளின தள்ளுல போட்டு துறையைத் தாண்டிப் போச்சு.

தொரை வணக்கம் சொன்னாரு. பழனியப்பன் சாரும் எந்திரிச்சு வணக்கம் சொன்னாரு. போட்டு போயிட்டே இருந்துச்சு. மாலையைத் தூக்கின கையைத் தொரை மெதுவாக் கீழ இறக்கினாரு.

"ஏனுங்க, எறங்கறது அங்கதானுங்களே?"

"ஒரு ரவுண்டு சுத்திக் காட்டலாம்னுதான் சார்!"

ரெண்டாவது தடவை உஷாராயிட்டேன். நியூட்ரலே வேண்டாம், கியர்லயே கிட்டப் போயி ரிவர்ஸ்ல தட்டி நிறுத்திடுவோம். அதே மாதிரி கிட்டப் போனேன். ரிவர்ஸ்ல ஒரு தட்டு தட்டினேன். டீசல் போட்டா இருந்தா அந்த ஒரு தட்டுல அடங்கியிருக்கும். இது கேட்கவே இல்லை. துறைத் தூணு நேரா என் மூக்கைப் பார்த்து வருது!

பதட்டத்துல ரிவர்ஸ்ல முழுசா முறுக்கிட்டேன்.

முன்னாடி பாய்ஞ்சதை விடப் பின்னாடி இன்னும் நல்லாப் பாய்ஞ்சுதுங்க! பின்பக்கம் தண்ணிக்குள்ள அமுங்கி, ஏரித் தண்ணி 'தளக்'னு ஏறி வந்து பழனியப்பன் சார் மடியில உட்கார்ந்துச்சு. ஸ்டீரிங்கை வேற ஒடிச்சே வெச்சிருந்தேனா, துறையோட ஒட்ட வேண்டிய பின்பக்கம் துறையை விட்டு விலகிச் சுத்துச்சு.

"யப்பா! என்னங்க தண்ணி இப்படி ஜில்லுங்குது!"

"மலைத் தண்ணி சார். ரொம்ப சுத்தம்."

துறையில இருந்து தொரை பல்லைக் கடிச்சுட்டே சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். லாரியில கண்ணாடி உடைச்சப்பவும் இதே சிரிப்புதான்.

மூணாவது தடவை ஒருவழியாத் துறையோரமா வந்துட்டேன். கை எட்டற தூரம். ஆனா காத்து வெளிய தள்ளுது. போட்டு மெதுவாப் பின்னாடி நகருது. உள்ள எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? வண்டி சரிவுல உருளுது! அவ்வளவுதான், இத்தனை வருசத்துப் பழக்கம், வாய் தானாத் திறந்துச்சு.

"தொரை! கல்லு போடுங்க! கல்லு!"

தொரைக்கும் இப்ப எங்க மலைப் பழக்கம்தானே? ஒரு நொடி யோசிக்கலைங்க. மாலையைத் தூக்கி எறிஞ்சாரு. குனிஞ்சாரு. கரையில கிடந்த ஒரு பெரிய கல்லை ரெண்டு கையாலயும் தூக்கிட்டுத் துறை ஓரத்துக்கு ஓடி வந்தாரு.

வந்து நின்னாரு. கல்லைப் பார்த்தாரு. தண்ணியைப் பார்த்தாரு. எந்தச் சக்கரத்துக்கு வைக்கறது?

பழனியப்பன் சார் முகம் வெளுத்துப் போச்சு. "ஏனுங்க, அவரு எதுக்குங்க கல்லெடுக்கறாரு? நான் இன்னும் வெலையே சொல்லுலீங்களே!"

"உங்களுக்கில்லை சார், போட்டுக்கு!"

அதைக் கேட்டு அவரு இன்னும் பயந்துட்டாரு.

நான் கயித்தை எடுத்துத் தொரையைப் பார்த்து வீசினேன். கயிறு நேரா அவரு நெஞ்சுல போயி பட்டுச்சு. புடிக்கக் கை வேணுமே? ரெண்டு கையிலயும் கல்லு! கயிறு சறுக்கித் தண்ணியில விழுந்துச்சு.

"தொரை, கல்லைப் போட்டுட்டுக் கயித்தைப் புடிங்க!"ன்னு ஸ்டெல்லா கத்திட்டே ஓடி வந்தா.

தொரை கல்லைப் போட்டாரு. தண்ணியிலதான். நானும் சாரும் தொரையும் நனைஞ்சோம்.

இனிமே இந்தக் கும்பலை நம்பிப் பிரயோசனமில்லைன்னு பழனியப்பன் சார் முடிவு பண்ணிட்டாரு. எந்திரிச்சாரு, வேட்டியை மடிச்சுக் கட்டினாரு, ஒரு காலைத் துறையில வெச்சாரு.

"சார், வேண்டாம் சார்! இன்னும் கட்டலை சார்!"

டீசல் போட்டுல ஆளு இறங்கறது அதுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கனத்துக்கு அசையாம நிக்கும். இது ஆட்டுக்குட்டியாச்சே! சார் துறையில கால் ஊனி உந்தின உந்துல, போட்டு என்னையும் அவரோட இன்னொரு காலையும் கூட்டிட்டுப் பின்னாடி கெளம்பிடுச்சு.

ஒரு கால் துறையில. ஒரு கால் போட்டுல. நடுவுல ஏரி அகலமாயிட்டே போகுது. அவரு என்னைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் செய்யத் தோணலை.

'தொபுக்'.

தண்ணி நெஞ்சளவுதான். ஆனா எங்க மலைத் தண்ணி நெஞ்சளவு இருந்தாலும் உயிர் வரைக்கும் போகும். முங்கி எந்திரிச்சவரு வாயைத் திறந்தாரு, சத்தமே வரலை. பல்லு மட்டும் தட்டச்சு மிசினாட்டம் அடிச்சுக்குச்சு.

என் லாரியும் அவரோட சேர்ந்து முங்கினதை நான் என் கண்ணால பார்த்தேனுங்க.

தொரையும் ஸ்டெல்லாவும் சேர்ந்து அவரை இழுத்துக் கரையேத்தினாங்க. நான் இறங்கி உதவலாம்னா, என் போட்டு இன்னும் கரைக்கே வரலை. நடுவுல நின்னுட்டு "சார், பார்த்து சார்"னு குரல் மட்டும் குடுத்துட்டு இருந்தேன்.

ஸ்டெல்லா அவரை நேராத் தகரக் கொட்டாய்க்குக் கூட்டிப் போயி அடுப்புப் பக்கத்துல உட்கார வெச்சா. குளிருக்குன்னு கொண்டாந்திருந்த எங்க மாமியாரோட கம்பளியைப் போர்த்தி விட்டா. கெட்டில்ல கொதிச்சுட்டு இருந்ததை ஒரு பெரிய லோட்டா நிறைய ஊத்தினா. பால் கிடையாது. இலங்கைத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பம் எங்களுது. எங்க ஊட்டுல பிளேன் டீதான், கருகருன்னு இருக்கும். உள்ளங்கையில ஒரு துண்டு வெல்லத்தை வெச்சுக் கடிச்சுட்டே குடிக்கணும்.

தொரை பதறிட்டாரு. "ஸ்டெல்லா! அதைக் குடுக்காதேம்மா! மேல ஸ்பெஷல் இருக்கு! அது கோடவுன் டஸ்ட்டு!"

"நடுங்கறாரு தொரை! அவரு மேல ஏறி வர்றதுக்குள்ள விறைச்சே போயிடுவாரு!"

பழனியப்பன் சார் லோட்டாவை ரெண்டு கையாலயும் புடிச்சாரு. வெல்லத்தைக் கடிச்சாரு. ஒரு வாய் உறிஞ்சினாரு. பழக்கத்துல துப்பறதுக்குத் தலையைத் திருப்பினாரு.

துப்பலை. முழுங்கிட்டாரு.

இன்னொரு வாய். இன்னொண்ணு. லோட்டா காலி. நீட்டினாரு, ஸ்டெல்லா ஊத்தினா. அதுவும் காலி. மறுபடி நீட்டினாரு. அதுக்குள்ள நான் எப்படியோ கரையில மோதி, கயித்தைக் கட்டிட்டு வந்து வாசல்ல நின்னேன். தொரை என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது என்ன டீங்க?"

தொரை பங்களாவைத் திரும்பிப் பார்த்தாரு. ஸ்டெல்லாதான் சொன்னா. "நம்ம பேக்டரி டஸ்ட்டுதாங்க ஐயா. நானே சலிச்சது."

"இதையே குடுத்துருங்க."

"சார், வாசனை பார்க்கணுமே"ன்னாரு தொரை. "மேல கப்பெல்லாம் ரெடியா..."

"வாசனையா? மூக்கு பூரா உங்க ஏரித் தண்ணிங்க! ஒரு வாசனையும் தெரியலீங்க." அவரு மூக்கை உறிஞ்சிட்டுச் சொன்னாரு. "இத்தனை வருசமா நானும் டீயைத் துப்பித் துப்பியே வெலை சொல்லிட்டு இருந்தேனுங்க. எங்கூர்ல டீக்கடைக்கு வர்றவன் எவனுங்க மோந்து பாத்துத் துப்பறான்? முழுங்கினா உள்ள சூடு எறங்கோணும், மறுக்கா ஒண்ணு கேக்கோணும். அவ்வளவுதானுங்களே? இது எறங்குதுங்க. இருக்கற மூட்டை பூராத்தையும் அனுப்பிச்சு உடுங்க. மாசாமாசமும் வேணுமுங்க."

தொரை அப்படியே விறகுக் கட்டு மேல உட்கார்ந்துட்டாரு.

நான் எண்ணெய் வைக்காம, வெங்காயம் திங்காம, பீடியைப் பார்க்காமக் காப்பாத்தின மூக்கு, கடைசியில ஜலதோஷம் புடிச்சு அடைச்சுக்கிட்டு எங்க டீயை வாங்கிட்டுப் போச்சு.

போறப்ப ஜீப்புலதான் போனாரு. போட்டுல ஏத்த நாலு பேரு சேர்ந்தாலும் முடியலை. ரோட்டோரத்துல மரமா நின்ன தேயிலையைப் பார்த்துட்டு, "நெழல் நல்லாருக்குதுங்க"ன்னு சொன்னாராம்.

ஒரே வாரத்துல கோடவுன் காலி. பேக்டரிச் சங்கு ஆறு நாளும் ஊதுச்சு. ஸ்டெல்லா திரும்பத் தூள் சலிக்கப் போயிட்டா. தாசேட்டனும் லீவு முடிஞ்சு வந்தாரு. நடந்ததைக் கேட்டு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, பெட்ரோல் போட்டைப் பக்குவமாச் சொல்லியும் குடுத்தாரு. கியரை ஒரேடியா விட்டுடாதே, கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் போட்டு எடு. காத்தை முகத்துல வாங்கு. முதல்ல ஸ்டீரிங்கைத் திருப்பு, அப்புறம் முறுக்கு. கயித்தைக் கட்டாம ஆளை எந்திரிக்கவே விடாதே. இப்பெல்லாம் துறையில ஒரு முட்டையை வெச்சாக்கூட உடையாமக் கொண்டாந்து ஒட்டிடுவேன்.

சரி, வேலை முடிஞ்சுது, நம்ம சாவியை வாங்கிக்குவோம்னு ஆபீசுக்குப் போனேன். தலைக்கு நல்லா எண்ணெய் வெச்சு, பவுடர் போட்டுட்டே போனேன்.

"தொரை, பேக்டரி ஆறு நாளும் ஓடுது. என் லாரிச் சாவி..."

"லாரிக்கு வேற ஆளைப் போட்டாச்சுப்பா."

"தொரை! சொன்னீங்களே! நான் ஏதாவது..."

"உனக்கு போட்டுலதான் வேலை. அடுத்த வாரம் சேலத்துல இருந்து ஒரு வியாபாரி வர்றாரு. அதுக்கடுத்து மதுரைக்காரர். பெட்ரோல் போட்டை ரெடி பண்ணு. துறையில கம்பளி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். ஸ்டெல்லாவையும் அன்னைக்கு மட்டும் கெட்டிலோட நிக்கச் சொல்லிட்டேன்."

எனக்கு அப்பவும் உறைக்கலைங்க. நெஞ்சை நிமிர்த்திட்டுச் சொன்னேன். "கவலையே படாதீங்க தொரை! தாசேட்டன் எல்லாம் கத்துக் குடுத்துட்டாரு. இப்பப் பூ மாதிரி கொண்டாந்து நிறுத்துவேன்!"

தொரை பேனாவைக் கீழ வெச்சாரு. என்னை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாரு.

"உன்னை யாருய்யா நல்லா நிறுத்தச் சொன்னா?"